பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம்: திருமலைக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

"எதிர்வரும் சனிக்கிழமை மு.ப. 9.00 மணிக்கு எமது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம் அதிபர் தலைமையில் நடைபெறும். பெற்றோர் அனைவரும் தவறாது சமுகமளிக்கவும்."

பிள்ளையின் கொப்பிக்குள் மடித்துவைத்த துண்டாகவோ, வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒரு படமாகவோ இந்த அறிவித்தல் உங்களிடம் வந்து சேரும். நீங்கள் இடமாற்றத்தில் திருமலைக்கு (திருகோணமலைக்கு) வந்த அரச ஊழியராக இருக்கலாம். கொழும்பு வாடகை கட்டுப்படியாகாமல் ஊர் திரும்பியவராக இருக்கலாம். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து பிள்ளைகளோடு வந்து இறங்கியவராகவும் இருக்கலாம். பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். யாராவது ஒருவர் போய்ப் பின்வரிசையில் இருந்து, வரவுப் பதிவில் கையெழுத்து வைத்து, தேநீர் குடித்துவிட்டு வருவார். இரண்டு மாதம் கழித்து "இந்தக் காசை ஏன் கேட்கிறார்கள்?" என்று வீட்டில் சண்டை வரும். அந்தக் காசுக்குக் கை உயர்த்திய கூட்டத்தில்தான் அவரும் இருந்திருப்பார்.

அந்தக் கூட்டத்துக்கு முன்னும் பின்னும் என்ன செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். சங்கத்தில் உரத்துப் பேசுகிறவரைவிட, தான் சொன்னதைக் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் ஏற்றிவிடுகிறவரே பலசாலி.

உங்கள் பாடசாலை யாருக்குக் கீழ்?

ஊர்ச்சனம் வாக்களித்துத் தெரிவுசெய்யும் பாடசாலைச் சபை என்று இலங்கையில் ஒன்று இல்லை. உள்ளூராட்சி மன்றம் வாசலில் குப்பை எடுக்கும், வடிகால் துப்புரவாக்கும், அவ்வளவுதான். மதிலுக்கு உள்ளே நடப்பதில் அதற்கு அதிகாரம் கிடையாது.

முன்பு முகாமையாளர்கள் இருந்தார்கள். கிறிஸ்தவ மிஷன்களும் இந்துச் சபைகளும் நடத்திய உதவி பெறும் பாடசாலைகளில் ஆசிரியர் நியமனம் முதல் கூரைத் திருத்தம் வரை அவர்கள் பொறுப்பு. 1920களில் இராமகிருஷ்ண மிஷன் திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்ற காலத்தில் சுவாமி விபுலானந்தர் இங்கே அத்தகைய பொறுப்பில் இருந்தவர். 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தோடும் 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டத்தோடும் அந்தப் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. 1987 இல் மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் வந்தது. அதன்பின் பாடசாலைகள் இரண்டு வகையாயின. தேசிய பாடசாலைகள் பத்தரமுல்ல இசுருபாயவில் இருக்கும் மத்திய கல்வி அமைச்சுக்குக் கீழ். மற்றவை மாகாணப் பாடசாலைகள். அவை கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களத்துக்குக் கீழ்.

ஆகவே முதல் வேலை, உங்கள் பிள்ளை படிப்பது தேசிய பாடசாலையா மாகாணப் பாடசாலையா என்று தெரிந்துகொள்வது. அலுவலகத்தில் கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்வார்கள். இது தெரியாமல் எழுதும் கடிதம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். தேசிய பாடசாலை ஆசிரியரின் இடமாற்றத்தைப் பற்றி மாகாணத்துக்கு எழுதினால் அவர்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

மாகாணத் திணைக்களத்துக்குக் கீழே வலயங்கள். திருகோணமலை மாவட்டத்தில் ஐந்து: திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய். வலயத்துக்குக் கீழே கோட்டங்கள். அதிபர், கோட்டக் கல்விப் பணிப்பாளர், வலயக் கல்விப் பணிப்பாளர், மாகாணக் கல்விப் பணிப்பாளர் என்று படி ஏறிப் போகிறது. பாடசாலையின் பெயருக்கு முன்னால் "தி/" என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மாவட்டத்தைக் குறிக்கும். கடிதத்தில் அதையும் சேர்த்தே எழுதுங்கள், ஒரே பெயரில் வேறு மாவட்டங்களிலும் பாடசாலைகள் உண்டு.

மாகாணக் கல்வி அலுவலகங்கள் திருமலையிலேயே இருப்பது நமக்கு ஒரு வசதி. மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் விடியப்புறம் பஸ் ஏறி வருகிற இடத்துக்கு நமக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். அதற்காக எதற்கெடுத்தாலும் நேரே அங்கே போய் நிற்காதீர்கள். ஏன் என்பது கடிதம் பற்றிய பகுதியில் வரும்.

இன்னொன்றும் கவனியுங்கள். பாடசாலைகளை 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என்று பிரித்திருக்கிறார்கள். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ளது 1ஏபி. கலை, வர்த்தகம் மட்டும் என்றால் 1சி. தரம் 11 வரை உள்ளது வகை 2, அதற்கும் கீழே நிற்கும் சிறிய பாடசாலை வகை 3. உங்கள் பாடசாலை வகை 2 என்றால் "இங்கே ஏன் உயர்தரம் இல்லை?" என்ற கேள்வியைச் சங்கக் கூட்டத்தில் கேட்டுப் பயனில்லை. அது தரமுயர்த்தல் விவகாரம். சங்கம் அதற்கு வேண்டுகோள் விடுக்கலாம், முடிவெடுக்க முடியாது.

சங்கம் வேறு, குழு வேறு

பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்பது பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர், நலன்விரும்பிகள் சேர்ந்தது. தலைவர் எப்போதும் அதிபரே, அந்தப் பதவிக்குத் தேர்தல் கிடையாது. செயலாளர் பெரும்பாலும் ஒரு பெற்றோர், பொருளாளர் பெரும்பாலும் ஓர் ஆசிரியர். இவர்களோடு நிர்வாகக் குழு. ஆண்டுக்கு ஒரு பொதுக்கூட்டம், இடையிடையே நிர்வாகக் குழுக் கூட்டம்.

பாடசாலை அபிவிருத்திக் குழு என்பது வேறு. 2006 இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தோடு வந்தது அது. ஆண்டுத் திட்டம், எந்தப் பாடத்தில் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள், என்ன பயிற்சி வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் பேசப்படும். அதிலும் பெற்றோர் பிரதிநிதிகள் உண்டு. பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் பலரும் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு பழக்கமாக இருக்கும். அதற்குக் கிட்டத்தட்ட நெருங்கியது இந்தக் குழுதான்.

பழைய மாணவர் சங்கம் மூன்றாவது. அதற்குத் தனிக் கணக்கு, தனி நிர்வாகம். கனடாவிலும் லண்டனிலும் கிளை வைத்திருக்கும் பழைய மாணவர் சங்கங்களும் உண்டு. பெரிய பாடசாலைகளில் நீங்கள் பார்க்கும் புதிய மேடையும் ஸ்மார்ட் போர்டும் பல நேரம் இவர்கள் வழியாக வந்தவை. வகுப்பு வட்ஸ்அப் குழு இதில் எதுவும் இல்லை. அங்கே எடுத்த முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது. அங்கே திரட்டும் காசுக்குப் பற்றுச்சீட்டும் வராது.

கூட்டத்துக்கு முதல் வாரம்

வாக்களிக்கவும் பதவிக்கு வரவும் உறுப்பினர் ஆகியிருக்க வேண்டும். சந்தா சிறிய தொகைதான், கட்டிப் பற்றுச்சீட்டை வாங்கிவையுங்கள். பெற்றோர் வெளிநாட்டில் இருந்து பிள்ளை அம்மம்மாவோடு வளர்ந்தால், பாதுகாவலர் என்று பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உறுப்பினர் ஆகலாம். அந்தப் பெயர் சரியாக இருக்கிறதா என்று அலுவலகத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு செயலாளரைப் பிடியுங்கள். சென்ற ஆண்டுக் கூட்ட அறிக்கையையும் கணக்கறிக்கையையும் பார்க்கலாமா என்று கேளுங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள். உறுப்பினருக்கு அது உரிமை, ஆனால் உரிமை என்ற சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். "புதிசா வந்திருக்கிறன் அண்ணை, போன வருசம் என்ன நடந்தது என்று தெரிஞ்சால் நல்லது" என்றால் பெரும்பாலும் புத்தகம் வந்துவிடும்.

கூட்டத்தில் ஏதாவது கேட்க விரும்பினால் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். நிகழ்ச்சி நிரலில் ஏறிய விடயத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஏறாதது கடைசியில் "ஏனைய விடயங்கள்" வரும்போது, பாதிப் பேர் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் பேசப்படும்.

ஒரே வீட்டில் ஒரு பிள்ளை தமிழ்ப் பாடசாலையிலும் இன்னொன்று முஸ்லிம் பாடசாலையிலும் படிப்பது திருமலையில் புதுமையில்லை. நோன்பு காலத்தில் முஸ்லிம் பாடசாலைகளின் விடுமுறை மாறும், தவணை தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் அதோடு மாறும். கூட்ட நாட்களை ஒரு கலண்டரில் குறித்துவையுங்கள்.

கூட்டத்தில்

ஒழுங்கு எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். மங்கல விளக்கு அல்லது இறைவணக்கம், மௌன இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை. அதிபரின் தலைமையுரை நீளும். பொறுமையாகக் கேளுங்கள். ஆசிரியர் வெற்றிடம், பரீட்சைப் பெறுபேறு, இந்த ஆண்டு வலயத்திடம் எதிர்பார்க்கும் வேலைகள் எல்லாம் அதில்தான் வரும். அதன்பின் சென்ற கூட்ட அறிக்கை வாசிப்பு.

புதியவர்கள் போனைப் பார்ப்பது இந்த நேரத்தில்தான். பார்க்காதீர்கள். செயலாளர் வாசித்து முடித்ததும் "அறிக்கையை ஏற்றுக்கொள்வதாக முன்மொழிபவர்?" என்பார். ஒருவர் எழும்புவார், இன்னொருவர் வழிமொழிவார், அத்தோடு அது முடிந்தது. சென்ற ஆண்டு நடந்ததாக எழுதியிருப்பது எல்லாம் உறுதியாகிவிடும். திருத்தம் இருந்தால் முன்மொழிவுக்கு முன் கை உயர்த்தி, "அறிக்கையில் ஒரு திருத்தம்" என்று சொல்லுங்கள். திருத்தமும் எழுதப்படும்.

அடுத்தது அறிக்கையிலிருந்து எழும் விடயங்கள், அதாவது போன முறை செய்வதாகச் சொன்னவை செய்யப்பட்டனவா என்பது. என்னைக் கேட்டால் முழுக் கூட்டத்திலும் பெறுமதியான பத்து நிமிடம் இது. "குடிநீர்த் தாங்கி வைப்பதாகத் தீர்மானித்திருந்தோம். என்ன நிலையில் இருக்கிறது?" என்று ஒரே கேள்வி கேட்டால் போதும். குரலை உயர்த்த வேண்டாம். தீர்மானம் எழுத்தில் இருக்கிறது, பதிலும் எழுத்தில் ஏறும்.

பிறகு கணக்கறிக்கை, புதிய நிர்வாகத் தெரிவு, பிரேரணைகள், ஏனைய விடயங்கள், நன்றியுரை. தேநீரும் றோல்ஸும்.

பிரேரணை கொண்டுவருவதாக இருந்தால், அறிக்கையில் எப்படி எழுதப்பட வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அப்படியே சொல்லுங்கள். திருமலை நகரத்துக்குள் மான்கள் தெருவில் திரிவது உங்களுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். பிள்ளைகள் பார்த்துப் பார்த்து வளர்த்த கீரைப்பாத்தியை ஓர் இரவில் அவை மேய்ந்துவிட்டுப் போய்விடும். "தோட்டத்துக்கு ஏதாவது செய்ய வேணும்" என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஆனால் அறிக்கையில் எதுவும் ஏறாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"ஆரம்பப் பிரிவுத் தோட்டத்தின் தெற்குப் பக்கத்துக்குக் கம்பிவலை வேலி அமைக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். செலவு மதிப்பீட்டை நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்துக்கு முன் பெறட்டும். கம்பிக்கால் நடும் வேலையைத் தரம் 4 பெற்றோர் சிரமதானமாகச் செய்வோம்."

என்ன செய்வது, யார் செய்வது, எப்போது என்ற மூன்றும் இதில் வந்துவிட்டன. யாராவது வழிமொழிந்தால் செயலாளர் எழுதியே ஆகவேண்டும். எழுதினாரா என்று பார்ப்பதும் உங்கள் வேலைதான். கூட்டம் முடிந்தபின் அருகே போய், "அண்ணை, அந்த வேலி விசயம் எழுதினீங்களா?" என்று கேட்பதில் தப்பில்லை.

கூரைத் திருத்தம் பற்றிப் பேசுவதாக இருந்தால் காலம் பார்த்துப் பேசுங்கள். இங்கே பெருமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை பெய்யும். ஒழுகும் வகுப்பைப் பற்றிக் கார்த்திகையில் எழுந்து பேசினால் எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள், ஓடு மாற்ற யாரும் கூரையில் ஏற முடியாது. மதிப்பீடு, விலைக்கோரல், அனுமதி எல்லாம் முடிய மாதக்கணக்கில் எடுக்கும். இரண்டாம் தவணை தொடங்கும்போதே கிளப்ப வேண்டிய விடயம் அது.

காசு

அநேகமான மனஸ்தாபங்கள் காசில்தான் தொடங்குகின்றன. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இலவசக் கல்வி 1945 இலிருந்து இருக்கிறது. ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்கிறது. பாடநூலும் சீருடைத் துணியும் அரசு தருகிறது. கற்றல் கற்பித்தலுக்கான பொருட்களுக்குத் தர உள்ளீட்டு நிதி வருகிறது. இவை எதற்கும் அடங்காத செலவுகள்தான் சங்கத்தின் தலையில் விழுகின்றன. இரவுக் காவலாளிக்குக் கொடுப்பனவு, கழிப்பறை துப்புரவு, போட்டோ கொப்பி இயந்திரத்துக்கு மை, இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல், மாகாண மட்டப் போட்டிக்குப் போகும் அணிக்கு வாகனம் என்று அந்தப் பட்டியல் நீளும். சங்கத்தின் வருமானம் சந்தா, நன்கொடை, சிற்றுண்டிச்சாலைக் குத்தகை போன்றவற்றிலிருந்து வரும்.

எந்தச் செலவு பற்றிக் கேள்வி வந்தாலும் முதலில் "இது எந்த நிதி?" என்று கேளுங்கள். தர உள்ளீட்டு நிதியில் வாங்க வேண்டிய வரைபடத்தைப் பெற்றோரிடம் காசு திரட்டி வாங்கத் தேவையில்லை. அதேபோல, அரச நிதியில் காவலாளிக்கு ஏன் கொடுக்கவில்லை என்று அதிபரோடு மல்லுக்கட்டுவதிலும் பொருளில்லை. அவரால் நிதியை மாற்றிச் செலவழிக்க முடியாது. மாற்றினால் கணக்காய்வில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

காசு கொடுக்கும்போது ஒரே விதி: பற்றுச்சீட்டு. வகுப்பாசிரியரிடம் கொடுத்தாலும், சங்கத்தின் பெயரில் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு வர வேண்டும். கொப்பித் தாளில் பெயர் எழுதிக் கோடு போட்டுவைப்பது கணக்கு ஆகாது. ஆசிரியர் நல்லவர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நாளைக்கு யாராவது முறைப்பாடு செய்தால் அகப்படுகிறவர் அந்த நல்லவர்தான். பற்றுச்சீட்டு உங்களைவிட அவருக்கே பாதுகாப்பு. இதை அப்படியே சொல்லிக் கேட்டால் யாரும் கோபிப்பதில்லை.

வெளிநாட்டு உறவினர் "பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்யப் போறன்" என்று காசு அனுப்பினால், அதைத் தனியாள் கணக்கில் வாங்கிக்கொண்டு போய் அதிபரிடம் நீட்டாதீர்கள். சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு நேரே போகட்டும், எதற்காக என்று ஒரு கடிதமும் கூடவே போகட்டும். பொருளாகக் கொடுத்தால் அது பொருட்பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பதியாத கணினி பழுதானால் திருத்தவும் ஆளில்லை, காணாமல் போனால் தேடவும் ஆளில்லை.

கட்டாயம் என்று சொல்லி ஒரு தொகை கேட்டால்? சந்தா வேறு, நன்கொடை வேறு. நன்கொடையைக் கட்டாயமாக்க முடியாது. காசு கட்டவில்லை என்று பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்துவதற்கோ, தேர்ச்சி அறிக்கையையோ விடுகைப் பத்திரத்தையோ தடுத்து வைப்பதற்கோ எந்த நியாயமும் கிடையாது. உங்களால் முடியாவிட்டால் அதிபரிடம் தனியே போய் முடியாது என்று சொல்லுங்கள். கூட்டத்தில் எழுந்து சொல்லத் தேவையில்லை. அந்தக் கூச்சத்தை எந்தக் கூட்டமும் உங்களிடம் கேட்கக் கூடாது. உடலுழைப்பாகத் தருகிறேன் என்றால் பெரும்பாலான அதிபர்கள் மகிழ்ச்சியோடு ஏற்பார்கள். சிரமதானத்துக்கு ஆள் கிடைப்பதுதான் காசு கிடைப்பதைவிடக் கடினம்.

கணக்கறிக்கையைப் பார்க்கும்போது எல்லா வரியையும் பார்க்க வேண்டாம், மூன்று இடம் பாருங்கள். சென்ற ஆண்டின் இறுதி மீதியும் இந்த ஆண்டின் ஆரம்ப மீதியும் ஒரே தொகையா? சிற்றுண்டிச்சாலை வருமானம் தனி வரியாக இருக்கிறதா? "இதர செலவுகள்" எவ்வளவு? இதர செலவு விளையாட்டுப் போட்டிச் செலவைவிடப் பெரிதாக இருந்தால் விபரம் கேளுங்கள். பெரும்பாலும் விபரம் இருக்கும், தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டிருப்பார்கள். சங்கக் காசு ஒருவர் கையெழுத்தில் மட்டும் வெளியே போகக் கூடாது. காசோலையில் யார் யார் கையெழுத்திடுகிறார்கள் என்பதையும் தெரிந்துவையுங்கள்.

பொருள் வாங்கும்போது வழக்கம் மூன்று விலைக்கோரல். மூன்றும் ஒரே கையெழுத்தில் இருந்தால் என்ன அர்த்தம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கடிதம் எழுதுவது எப்படி

தரம் 7 க்கு ஒரு தவணையாகக் கணித ஆசிரியர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியரை நியமிக்கும் அதிகாரம் சங்கத்துக்கும் இல்லை, அதிபருக்கும் இல்லை. வலயத்துக்கு எழுத வேண்டும். ஆனால் நேரே எழுதினால் வலயம் செய்யும் முதல் வேலை "அதிபரின் விளக்கம் என்ன?" என்று திருப்பி அனுப்புவதுதான். அதில் மூன்று வாரம் போய்விடும். அதனால்தான் மாகாண அலுவலகம் ஆட்டோத் தூரத்தில் இருந்தாலும் ஓடிப்போக வேண்டாம் என்றேன். அரச அலுவலகத்தில் கடிதம் படிப்படியாகத்தான் ஏறும். எழுதும் விதம் இது:

வலயக் கல்விப் பணிப்பாளர்,
வலயக் கல்வி அலுவலகம்,
திருகோணமலை.

ஊடாக: அதிபர், தி/............... வித்தியாலயம்.

தரம் 7 கணித பாட ஆசிரியர் வெற்றிடம்

மேற்படி பாடசாலையில் தரம் 7 மாணவர்களுக்கு இந்த ஆண்டு இரண்டாம் தவணை ஆரம்பம் முதல் கணித பாட ஆசிரியர் இல்லை. இது தொடர்பாக ............... ஆம் திகதி நடைபெற்ற பாடசாலை அபிவிருத்திச் சங்க நிர்வாகக் குழுக் கூட்டத்தில் எடுக்கப்பட்ட தீர்மானத்தின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. நிரந்தர நியமனம் தாமதமாகுமாயின், தற்காலிக இணைப்பாக ஓர் ஆசிரியரையேனும் வழங்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

செயலாளர்

அதிபர் "பரிந்துரைக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் இட்டால் கடிதம் உயிர் பெறும். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை வலய அலுவலகத்தில் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். கொடுத்த விடயம் எந்தக் கிளைக்குப் போகிறது, யார் பொறுப்பான உத்தியோகத்தர் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பொதுமக்கள் தினத்தில் போனால் அதிகாரி கதிரையில் இருப்பார். எந்த நாள் என்பதை முன்கூட்டியே தொலைபேசியில் விசாரித்துப் போங்கள். கடிதம் தமிழிலேயே போதும்.

சங்கத் தீர்மானத்தின் பிரதியை ஏன் இணைக்கச் சொன்னேன்? ஒரு பெற்றோரின் கடிதம் மனக்குறை. தீர்மானத்தோடு போகும் கடிதத்தைக் கோவையில் போட்டுவிட்டு யாரும் சும்மா இருக்க முடியாது.

சங்கத்துக்குள் வராதவை

ஒரு குறிப்பிட்ட ஆசிரியர் மீதான முறைப்பாட்டைப் பொதுக்கூட்டத்தில் எழுப்பாதீர்கள். அதிபரிடம் எழுத்தில் கொடுங்கள், தீராவிட்டால் வலயத்துக்குப் போங்கள். பிள்ளையின் பாதுகாப்பு சம்பந்தமான விடயம் என்றால் படி பார்த்து ஏற வேண்டியதில்லை. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.

தரம் 1 அனுமதி ஆண்டுதோறும் வெளியாகும் அமைச்சின் சுற்றறிக்கைப்படி நடக்கிறது. சங்கத்தின் பிரதிநிதியும் பழைய மாணவர் பிரதிநிதியும் நேர்முகப் பரீட்சைக் குழுவில் இருப்பார்கள். அதனால் "செயலாளரைப் பிடித்தால் இடம் கிடைக்கும்" என்று ஒரு கதை ஊரில் உலாவும். புள்ளி ஆவணத்துக்குத்தான். அருகில் வசிப்போர் பிரிவில் வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்த ஆண்டுகள் எண்ணப்படும். புதிதாக வந்தவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஊருக்கு வந்த உடனேயே கிராம உத்தியோகத்தரிடம் போய்ப் பெயரைப் பதியுங்கள், வாடகை ஒப்பந்தத்தையும் ஒழுங்காக எழுதிவையுங்கள். இந்தியாவில் பிறந்த பிள்ளை என்றால் பிறப்புப் பதிவு, பிரசாவுரிமைப் பத்திர வேலைகளை அனுமதிக் காலம்வரை தள்ளிப்போட வேண்டாம்.

இடைத்தரங்களில் சேர்ப்பதற்குப் பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரம் வேண்டும். அது இல்லாமல் வேறு எதைக் கொண்டுபோனாலும் அரைவாசி வேலைதான்.

உங்களையே தெரிவுசெய்துவிட்டால்

புதியவர் ஒழுங்காக இரண்டு கேள்வி கேட்டால் அடுத்த நிமிடம் "தம்பியையே செயலாளராப் போடுவம்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். இது திருமலைக்கு மட்டும் உரிய வழக்கமில்லை. ஏற்பதா இல்லையா என்பது உங்கள் விருப்பம், ஆனால் ஏற்றால் அன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பழைய செயலாளரிடமிருந்து அறிக்கைப் புத்தகம், உறுப்பினர் பதிவு, கடிதக் கோவை, முத்திரை எல்லாவற்றையும் பட்டியலிட்டுக் கையெழுத்தோடு பொறுப்பேற்க வேண்டும். "வீட்டிலை இருக்கு, பிறகு தாறன்" என்றால் அவர் வீட்டுக்கே போய் வாங்குங்கள்.

அறிக்கையைக் கூட்டம் முடிந்து இரண்டு நாளுக்குள் எழுதிவிடுங்கள். பேசியதையெல்லாம் எழுத வேண்டாம். யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், என்ன தீர்மானம், யார் பொறுப்பு, எப்போதுக்குள் என்ற ஐந்தும் இருந்தால் போதும். எதிர்த்துப் பேசியவர் கேட்டுக்கொண்டால் அவர் எதிர்ப்பையும் ஒரு வரியில் எழுதுங்கள். பக்கத்துக்கு இலக்கம் இடுங்கள். வெற்றிடம் விட்டு எழுதாதீர்கள், பிறகு யாராவது நிரப்புவார்கள்.

அதிபரோடு ஒத்துப்போக வேண்டும், ஆனால் அவர் சொன்னதையெல்லாம் எழுதும் எழுத்தராகிவிடக் கூடாது. அவர் மாற்றலாகிப் போவார், நீங்கள் இதே தெருவில் இருப்பீர்கள்.

பதில் வராவிட்டால்

கேட்டும் கணக்கறிக்கை காட்டவில்லை, எழுதியும் வலயத்திலிருந்து பதில் இல்லை என்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பாடசாலையும் வலய அலுவலகமும் அதற்குள் அடங்கும். தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். "ஊழல் நடக்கிறதா?" என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல. "இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதி வரையான சங்கக் கணக்கறிக்கையின் பிரதி" என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் சரியான பதில் இல்லை என்றால் கொழும்பில் இருக்கும் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பத்தைக் கொடுத்ததும் ஏற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், நாள் எண்ணுவது அதிலுள்ள திகதியிலிருந்துதான்.